பழைய எம்2 பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: பானாசோனிக் எஃப்இசட்-35எஸ் என்ற பழைய பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கைவிடப்பட்ட எம்2 விளையாட்டுக் கன்சோல் இதுதான் என்கிறார் விற்பவர். பேனாவால் பெயர் எழுதிய இரண்டு சிடிகளும் உடன் உண்டாம். பல ஆண்டுகளாக யாரும் அதை இயக்கவில்லை. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் விற்பவர் சொல்வதில் பாதிதான் உண்மை.

எம்2-வை வடிவமைத்தது 3டிஓ நிறுவனம். பானாசோனிக்கின் தாய் நிறுவனமான மாட்சுஷிடா 1995-இல் 10 கோடி டாலர் கொடுத்து அதன் உரிமையை வாங்கியது. 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரண்டு பவர்பிசி 602 செயலிகள், 8 எம்பி நினைவகம் என அக்காலத்துக்கு மிக வலுவான வன்பொருள். இருந்தும் பிளேஸ்டேஷனும் நின்டெண்டோ 64-உம் சந்தையைப் பிடித்துக்கொண்ட நிலையில், 1997-இல் மாட்சுஷிடா திட்டத்தைக் கைவிட்டது. வார்ப் நிறுவனம் இதற்காகத் தொடங்கிய டி2 விளையாட்டு, பின்னர் சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கு இடம் மாறியது.

சில்லுகள் மட்டும் வீணாகவில்லை. கொனாமி என்ற விளையாட்டு நிறுவனம் அவற்றை ஆர்கேட் (காசு போட்டு விளையாடும்) இயந்திரங்களில் பயன்படுத்தியது. மருத்துவம், கட்டடக்கலை, விற்பனை ஆகிய துறைகளில் இருப்பவர்களுக்காகப் பானாசோனிக் எஃப்இசட்-21எஸ், எஃப்இசட்-35எஸ் என்ற இரு கருவிகளை 1998-இல் வெளியிட்டது. நீங்கள் பார்த்திருப்பது அதில் ஒன்று. உள்ளே இருப்பது எம்2 தான். ஆனால் அது முறையாக விற்பனைக்கு வந்த பொருள். ஆகவே, வெளிவராத மாதிரிக் கன்சோலுக்கான விலையைத் தராதீர்கள். வாங்கியதும் வரிசையாக விளையாடலாம் என்றும் எண்ணாதீர்கள். வீட்டு எம்2-வுக்கான விளையாட்டுகள் கடைக்கே வரவில்லை.

வாங்கிய வேகத்தில் மின்சாரம் கொடுத்துவிட வேண்டாம். முதலில் பின்புறத்தில் அச்சிட்டுள்ள மின்னழுத்தத்தைப் படியுங்கள். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கிருந்து வந்த கருவியை 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. அடுத்து, மூடியைத் திறந்து, சர்க்யூட் பலகையில் உள்ள மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) சுற்றிப் பாருங்கள். பழுப்புக் கறையோ, மீன்வாடை போன்ற நாற்றமோ இருந்தால் அவை கசிந்திருக்கின்றன. மாற்றிய பிறகே இயக்க வேண்டும். மின்வழங்கிப் பகுதியில் நீங்களே கை வைக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

என் மனம் போவதெல்லாம் அந்த இரண்டு சிடிகள் மீதுதான். கைவிடப்பட்ட கருவிக்காக எழுதிய மென்பொருள் பெரும்பாலும் இப்படிக் கையால் எழுதிய வட்டுகளில்தான் தங்கியிருக்கிறது. ஐஎம்எஸ்ஏ ரேசிங் என்ற எம்2 பந்தய விளையாட்டு கடைக்கு வராமலே போனது. தப்பிய பிரதியால்தான் இன்று அதைப் பார்க்க முடிகிறது. உங்கள் சிடிகளில் இருப்பவை வாடிக்கையாளருக்குக் காட்டும் வெறும் விற்பனை விளக்கங்களாகவும் இருக்கலாம். படித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

பதிவு செய்யக்கூடிய சிடியின் சாயப்பூச்சு ஆண்டுகள் போகப் போக மங்கும். அதனால் அவற்றைப் பழைய பெட்டியில் போட்டுச் சோதிக்காமல், முதலில் நல்ல கணினி டிரைவில், குறைந்த வேகத்தில் முழு வட்டுப் படிமமாக (வட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக) எடுங்கள். இரண்டு முறை எடுத்து, இரண்டின் செக்சம் எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். தூசி இருந்தால் மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. மேலே ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள். பேனா எழுத்தை அழிக்காமல் இருபுறமும் படம் எடுத்து வையுங்கள். படிமத்தை இரண்டு இடங்களில் சேமித்த பிறகு, பெட்டியை நிதானமாகப் பழுதுபார்க்கலாம்.