'ஃபண்ட் இல்லை' என்றால் என்ன கேட்பது?

கேள்வி: அம்மா, சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் குடியிருக்கிறோம். தெருவில் மழைநீர் வடிகால் பாதியோடு நிற்கிறது. ஒன்றரை வருடமாக மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறோம். 'ஃபண்ட் இல்லை' என்கிறார்கள். சொத்து வரியை மட்டும் அரையாண்டு தவறாமல் கட்டுகிறோம். நகரமே கடனில் இருக்கிறதாம். பணம் எங்கே போனது என்று விசாரிக்கச் சொல்லி, தெருவில் அறுபது பேர் கையெழுத்துப் போட்டு மனு எழுதியிருக்கிறோம். கொடுக்கலாமா? (பெயர் போட வேண்டாம்.)

பதில்: கொடுங்கள். ஆனால் அதற்கு முன் மனுவைத் திருத்தி எழுதுங்கள் தாயே. நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். 'நகரத்தின் நிதிச் சீர்கேட்டை விசாரிக்க வேண்டும்' என்று இருக்கிறது. இதை வாங்குகிறவர் எந்த ஃபைலைத் தேடி எடுப்பார்? 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு பதில் போட்டு மூடிவிடலாம். அறுபது பேரின் கையெழுத்து அப்படிப் போகக்கூடாது.

நான் ராயபுரத்துப் பெண். உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கையில் முப்பது வருடம் வெளியூர்களில் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஊரில், சாலைப் பணிக்கான இரண்டு பில் என் மேஜைக்கு வந்தன. ஒன்று 'பிள்ளையார் கோயில் சந்து', மற்றது 'மூன்றாவது குறுக்குத் தெரு'. எம்-புக்கில், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில், இரண்டுக்கும் நீளம் 118 மீட்டர். அகலமும் ஒன்றே. மனசு கேட்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பாட்டி, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, போர்டைத்தான் மாத்திட்டாங்க" என்றார். குடத்தைக் கீழே வைக்காமலே டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் அளந்தேன். ஒரே சந்துக்கு இரண்டு பில். தணிக்கைத் தடை, அதாவது இந்தச் செலவு சரியில்லை என்ற ஆட்சேபணை எழுதி, அந்தப் பணம் திரும்ப வர நான்கு வருடம் ஆயிற்று. ஆனால் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் உங்கள் வடிகாலைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம், அதில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பட்டுவாடா ஆன பில், இந்த நான்கின் நகலைக் கேளுங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. நேரில் போய் ஃபைலைப் பார்வையிடவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பாதி வடிகாலுக்கு முழு பில் போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். போகவில்லை என்றால், ஒதுக்கிய மீதிப் பணம் எந்தச் செலவுக் கணக்குக்கு மாறியது என்பது அடுத்த கேள்வி.

அப்புறம் நகரத்தின் கணக்கு. 'ஃபண்ட் இல்லை' என்றால், வரவேண்டியது வரவில்லை, அல்லது வந்தது வேறெங்கோ போய்விட்டது. முதலாவதைத் தெரிந்துகொள்ள 'கேட்பு, வசூல், நிலுவை' பட்டியலைக் கேளுங்கள். எவ்வளவு வரி போட்டார்கள், எவ்வளவு வசூலானது, யார் பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரிய கட்டடங்களின் பாக்கி எத்தனை வருடமாக நிற்கிறது என்று பார்த்தால், நேரத்துக்குக் கட்டும் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயமான கோபம்.

கடன் வாங்கியதே குற்றம் என்று மட்டும் எழுதாதீர்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் நடக்கும் கொசஸ்தலையாறு வடிநில வடிகால் பணிக்கு ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடனுக்கு 2021இல் ஒப்பந்தம் ஆனது. 2025இல் மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரமும் வெளியிட்டது. பல தலைமுறைக்கு நிற்கவேண்டிய வடிகாலை ஒரு வருட வரியில் கட்ட முடியாது. ஆனால் அசலும் வட்டியும் கட்டப்போவது நாம்தான். அதனால் வாங்கிய பணத்தில் எத்தனை மீட்டர் முடிந்தது என்று கேட்க நமக்கு முழு பாத்தியதை இருக்கிறது.

2016 அக்டோபர் முதல் 2022 வரை இந்த நகரத்துக்குக் கவுன்சிலரே கிடையாது. அந்த வருடங்களின் செலவை மன்றத்தில் நின்று கேட்க ஒரு குரல் இல்லை. இன்னும் எனக்கு அது ஆறவில்லை. இப்போது மனுவைக் கவுன்சிலரிடம் கொடுத்து, மன்றத்தின் கணக்கு மற்றும் தணிக்கை நிலைக்குழுவில் வைக்கச் சொல்லுங்கள். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, அங்கேயும் தீர்மானமாக எழுத வையுங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையில் நிலுவையில் இருக்கும் தடைகளின் பட்டியலையும் கேளுங்கள். முறைகேடு என்று ஆதாரம் கையில் வந்தால், அந்தப் புகாரை விசாரிக்க உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: மக்கள் கேட்டு ஒரு நகரத்தின் கணக்கு உண்மையிலேயே வெளியே வந்திருக்கிறதா? (கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

பதில்: வந்திருக்கிறது தம்பி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன நகரம். சுமார் 35,000 பேர், பெரும்பாலும் உழைப்பாளிக் குடும்பங்கள். 2008இல் குடியிருப்பவர் ஒருவர் நகர நிர்வாகியின் சம்பளத்தை எழுதிக் கேட்டார். பொய்த் தொகையை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். 2010 ஜூலையில் அந்த நிர்வாகி வருடத்துக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் டாலர் எடுப்பதைப் பத்திரிகை வெளியிட்டது. ஜனங்கள் மன்றக் கூட்டத்தில் திரண்டுவிட்டார்கள். அவர் பதவி விலகினார், மாநிலத்தின் தணிக்கை வந்தது, 2014இல் அவருக்கு 12 வருடச் சிறை.

இதில் என்னை உறுத்துவது வேறு. மன்றத்தாரின் சம்பளத்துக்கு இருந்த மாநில வரம்பிலிருந்து தப்ப வழி விட்டதே 2005இல் அங்கே நடந்த ஒரு வாக்கெடுப்புதான். பதிவான ஓட்டு 400கூட இல்லை. பகுதி சபைக்கு நாலு பேர் மட்டும் போய் உட்காரும்போது எனக்கு அந்த 400தான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: தகவல் கேட்டால் கான்ட்ராக்டர் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று என் கணவர் பயப்படுகிறார். என்ன செய்ய? (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: அவர் பயப்படுவதில் தப்பில்லை. ஒருவராகப் போடாதீர்கள். ஒரே கேள்வியைத் தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் போடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. தெருவை அளக்கவும் பத்துப் பேராக, காலை வெளிச்சத்தில் இறங்குங்கள். தையல் டேப் ஒன்றரை மீட்டரோடு முடிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் முப்பது மீட்டர் டேப் என்று கேட்டு வாங்குங்கள்.