அக்ரா போகும் மகளுக்கு மஞ்சள் காய்ச்சல் அட்டை: ஏஜெண்டிடம் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பட்டப்படிப்பு படிக்கிறாள். ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரை கானா நாட்டில், லெகோனில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறாள். மேற்கு ஆப்பிரிக்கப் பண்பாடும் சமூகமும்தான் பாடம். டிசம்பர் 20 அன்று ஊருக்கு வருகிறாள். ஜனவரி 8 அன்று சென்னையிலிருந்து அக்ராவுக்கு டிக்கெட். ஜூனில் அங்கிருந்து நேரே வீட்டுக்கு வருவாள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேண்டுமாம். எங்கள் டிராவல்ஸ்காரர், ‘ஊசியே வேண்டாம், பாஸ்போர்ட் நகல் கொடுங்கள், அட்டையை நான் வாங்கித் தருகிறேன்’ என்கிறார். சிறு வயதில் முட்டை சாப்பிட்டால் அவளுக்கு உடம்பில் தடிப்பு வரும். என்ன செய்யலாம்?
ஒரு தாய், விழுப்புரம்

பதில்: நகலைக் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் முதலில் போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

இப்படி வாங்கிய அட்டைகள் மூன்றை ஒரே நாளில் என் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று பேர், மூன்று ஊர். மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) மட்டும் ஒன்றே. அதே நீலப் பேனா, அதே சாய்ந்த கையெழுத்து. ஊசி போட்டதாக எழுதியிருந்த தேதியை நாள்காட்டியில் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை! விமான நிலையத்தில் இதைக் கண்டுபிடித்தால் ஏஜெண்ட் வந்து நிற்கமாட்டார், உங்கள் மகள்தான் நிற்க வேண்டும். அட்டை போலி என்பது ஒரு பக்கம். ஊசி போடாத உடம்போடு அந்த நோய் உள்ள நாட்டுக்கு அவள் போகிறாள் என்பது அதைவிடப் பெரிய விஷயம். கடுமையாகப் பிடித்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற நோய் இது. குணப்படுத்த மருந்தே கிடையாது.

இந்த அட்டையை இரண்டு நாடுகள் கேட்கின்றன. உள்ளே வரும் எல்லாரிடமும் கானா கேட்கிறது. ஜூனில் திரும்பும்போது நம் நாடு கேட்கும். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள், இந்தியப் பாஸ்போர்ட் என்று விடமாட்டார்கள். இதில் நான் அதிகாரிகள் பக்கம். இந்தியாவுக்குள் இந்த நோய் இதுவரை நுழையவில்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் மொட்டைமாடித் தொட்டியில்தான் குடியிருக்கிறது, டெங்குவைப் பரப்புகிற அதே கொசு.

உங்கள் மகளின் கல்லூரி தந்திருக்கும் கையேட்டில் இது இருக்காது என்றே நினைக்கிறேன். நான் பார்த்த கையேடுகளில் என்ன உடை உடுத்த வேண்டும், பெரியவர்களுக்கு இடது கையால் எதையும் நீட்டக்கூடாது என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவை அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்களுக்கு எழுதியவை. சிகாகோவில் இறங்குகிறவரிடம் இந்த அட்டையை யாரும் கேட்பதில்லை. சென்னையில் இறங்குகிறவளைப் பற்றி அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இனி தேதிக் கணக்கு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஜனவரி 8 பயணம் என்றால், காகிதத்தில் கடைசி நாள் டிசம்பர் 29. அதை நம்பி இருக்காதீர்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையம், துறைமுகச் சுகாதார அலுவலகம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் இந்த ஊசி. மருந்து பல பேருக்கான குப்பியில் வருகிறது. திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும் என்பதால் ஆள் சேர்த்து, குறித்த நாளில்தான் போடுவார்கள். நடுவில் கிறிஸ்துமஸ் வேறு. தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாமலும், ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் பாருங்கள்’ என்று சொல்லியும் படித்த பிள்ளைகளைக்கூட ஏஜெண்டிடம் துரத்துவது இந்த ஏற்பாடுதான். அதனால் நவம்பரிலேயே அமெரிக்காவில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கேயும் இதற்கென அனுமதி பெற்ற மருத்துவமனைகள்தான், செலவும் அதிகம். ஆனாலும் அதுவே நல்லது.

மஞ்சள் காமாலைத் தடுப்பூசி என்று யாராவது வேறொன்றைப் போட்டுவிடப் போகிறார்கள், கவனம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ‘பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்’ என்று பணம் கேட்டாலும் நம்பாதீர்கள். 2016 ஜூலை முதல் ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும்.

அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படிக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு தொல்லை. பாஸ்போர்ட்டில் ‘கயல்விழி முருகேசன்’ என்று இருக்கும், அட்டையில் ‘மு. கயல்விழி’ என்று எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், அதனால் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதச் சொல்ல வேண்டும். தொகுதி எண், மருத்துவர் கையால் போட்ட கையெழுத்து, நிலையத்தின் முத்திரை மூன்றும் வேண்டும். முத்திரை இருக்கிறதே என்று கையெழுத்தை விட்டுவிடக்கூடாது.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். இந்த மருந்தைக் கோழிக்கருவில் வளர்க்கிறார்கள், அதனால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இப்போது அவள் முட்டை சாப்பிடுகிறாளா? அவித்த முட்டையோ ஆம்லெட்டோ சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் ஊசிக்குத் தடையில்லை. முட்டை சேர்த்த கேக் ஒத்துக்கொள்கிறது, தனி முட்டை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். முட்டை தின்று மூச்சு முட்டியது, உதடும் நாக்கும் வீங்கியது, மயங்கி விழுந்தாள் என்ற கதை இருந்தால் ஊசி கூடாது. முதலில் ஒவ்வாமை நிபுணரைப் பார்க்க வேண்டும். அவர் விலக்குக் கடிதம் தரலாம். ஆனால் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று எந்த நாட்டுக்கும் கட்டாயம் இல்லை. முன்கூட்டியே தூதரகத்தில் கேட்க வேண்டும். சிறு வயதுத் தடிப்பைச் சாக்காக வைத்து இந்தக் கடிதத்தையும் விற்கிறார்கள், அந்த டிராவல்ஸ்காரர் அடுத்து இதைத்தான் சொல்வார்.

அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், பாடத்துக்கு உதவும். இந்த ஊசி மருந்துக்கு மூலமான கிருமி கிடைத்ததே கானாவில்தான். 1927இல், அது பிரிட்டிஷாரின் ‘கோல்ட் கோஸ்ட்’ ஆக இருந்தபோது, அசிபி என்ற உள்ளூர்க்காரரின் ரத்தத்தில் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் கிருமியைப் பலவீனப்படுத்தித்தான் மாக்ஸ் தைலர் ஊசி மருந்தை உருவாக்கினார், 1951இல் நோபல் பரிசும் பெற்றார். அசிபியிடமிருந்து கிருமியைப் பிரித்தெடுத்த மறு ஆண்டே, 1928இல், இதே நோயை ஆராயப் போன ஜப்பானியர் ஹிதேயோ நொகுச்சி அக்ராவில் அதற்கே பலியானார். அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் லெகோன் வளாகத்திலேயே இருக்கிறது.

இந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. அங்கே இருப்பது ஆளைக் கொல்லும் வகை. மருத்துவர் தரும் மாத்திரையை அங்கே இருக்கும் வரையிலும், டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பின் நான்கு வாரமும், விடாமல் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்தபின் காய்ச்சல் அடித்தால் ‘கானாவிலிருந்து வந்திருக்கிறேன்’ என்பதைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால், பெட்டி வருவதற்கு முன்பே அட்டையைக் கேட்பார்கள். செல்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.