அந்தப் பாட்டியைப் பேச வைத்தது தப்பா?

ஐயா வணக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த வாரம் எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகளோடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் நிவாரணப் பொருள் கொண்டுபோனேன். மனசில் உள்ள பாரம் இறங்கட்டும் என்று நினைத்து, ஒரு மண்டபத்தில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, அன்று ராத்திரி நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். ஆடுகளை வெள்ளத்தில் பறிகொடுத்த ஒரு பாட்டி பாதியில் நிறுத்தினார். நாங்கள் கிளம்பும்வரை அப்புறம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இந்த வருஷம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க இருக்கிறோம். நாங்கள் செய்தது தப்பா?

— ஒரு பேராசிரியை, திருமங்கலம்

அன்புள்ள டீச்சர்,

தப்புதான். ஆனால் உங்களுக்கு முன்னால் பெரிய பெரிய நிபுணர்களே செய்த தப்பு அது. 1980களில் தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவான முறை, நடந்ததை உடனே ஒரே அமர்வில் பேசவைத்துவிடுவது. பிறகு ஆராய்ந்து பார்த்ததில் அது பின்னால் வரும் மனப்பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் செய்தது என்று தெரிந்தது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடு பார், கேள், இணைத்துவிடு என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது. இதில் 'கேள்' என்பது அவர்களாகப் பேசினால் காதுகொடுப்பது, கேள்வி கேட்டுத் தோண்டுவது இல்லை.

'இணை' என்பதுதான் நம் பிள்ளைகளால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை. பிரிந்த சொந்தக்காரரோடு, ரேஷன் கார்டு நகல் தரும் அலுவலகத்தோடு. ராத்திரி தூக்கமே இல்லை, சாகலாம்போல இருக்கிறது என்பவரை உடனே மருத்துவரோடு, இல்லையென்றால் 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியோடு. சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள், அத்தனை குடும்பத்துக்கும் மனநல மருத்துவருக்கு எங்கே போவது? உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரின் துக்கத்தை ஆள் ஆளாகப் பிரித்து உட்கார வைத்து ஆற்ற முடியாது. 2024 அக்டோபரில் மதுரை செல்லூரில் தண்ணீர் புகுந்தபோது நான் பார்த்தேன், சாப்பாட்டுப் பொட்டலம் வந்த தெருவில் ஆட்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போனார்கள். அடுத்த தெருவில் யாரோ அரிசியும் பருப்பும் அண்டாவும் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள், அங்கே பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கிக்கொண்டே திட்டினார்கள், அழுதார்கள், நனைந்த பாயைப் பிழிந்தார்கள், எந்த வீட்டுக் கிழவர் மாத்திரை போடவில்லை என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சமைக்கிற கையிலிருந்து கரண்டியைப் பிடுங்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இறப்பு நடந்த ஊர் என்றால் பதினாறாம் நாள் காரியத்துக்கு இடமும் நேரமும் ஏற்பாடு செய்து கொடுங்கள், ஒப்பாரி வைக்கிறவர்களை அமைதிப்படுத்த ஓடாதீர்கள். பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் திறக்க வையுங்கள், குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாட்டியிடம் இன்னொரு முறை போய்வாருங்கள். மன்னிப்புக் கேட்டு மறுபடி அதையே கிளற வேண்டாம். ஆட்டுக்கு இழப்பீடு வந்ததா என்று விசாரியுங்கள். வரவில்லையென்றால் மனு எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூடவே கூட்டிப்போங்கள்.