“உங்களையும் நேசிக்கிறாரா, டீச்சர்?”

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

எனக்கு 46 வயது. 22 வருடங்களாகச் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். படுக்கையில் கிடந்த அம்மாவை 9 வருடங்கள் நான்தான் பார்த்துக்கொண்டேன். அப்போதும் உபவாசத்தையோ ஜெபக்கூட்டத்தையோ தவறவிட்டதில்லை. வீட்டையும் விசுவாசத்தையும் உதறிவிட்டுப் போய், அம்மாவின் அடக்கத்துக்கு மட்டும் வந்து நின்ற என் தம்பி, இந்த வருடம் மனந்திரும்பிச் சபைக்கு வந்தான். அவன் சாட்சி சொன்ன அன்று அழாதவர்கள் இல்லை. ஆயர் அவனைக் கட்டியணைத்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இயேசு சொன்ன உவமையில், ஓடிப்போய்த் திரும்பி வந்த தம்பிக்கு அப்பா விருந்து வைத்ததைக் கண்டு கோபித்துக்கொண்ட, கெட்ட குமாரனின் அண்ணனைப் பற்றித் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள். அந்தப் பாடத்தை நானே எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன்.

கூடவே இருந்தவர்களுக்குக் கிடைக்காத அன்பு, ஓடிப்போனவர்களுக்குத்தான் கிடைக்குமா? இரவில் எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தது நான். அவன் ஒரு நாள்கூட அதைச் செய்ததில்லை. போன வாரம் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தபோது ஒரு சிறுமி, “உங்களையும் நேசிக்கிறாரா, டீச்சர்?” என்று கேட்டாள், நான் பாட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன், அது கிடக்கட்டும். தம்பி தன் சாட்சியில் அம்மாவின் ஜெபத்தைச் சொன்னான், என் பெயரைச் சொல்லவில்லை. அவனை நான் எப்படி மன்னிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

‘அது கிடக்கட்டும்’ என்று நீங்கள் தள்ளிவைத்ததையே நான் எடுத்துக்கொள்கிறேன். கடிதம் முழுக்கத் தம்பி வருகிறார்; அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம். ஆனால் 22 வருடங்களாக அந்த வசனத்தைக் கற்றுக்கொடுத்தவர், ‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்த இடத்தில் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்பதே என் கண்ணில் நிற்கிறது. தேவன் பிள்ளைகளை நேசிக்கிறார், தம்பியையும் நேசிக்கிறார் என்பதை நீங்கள் நம்புகிறீர்கள். நம்புவதால்தானே கோபமே வருகிறது. அந்த வசனத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கும்போதுதான் வாய் அடைத்துப்போகிறது.

உங்களை அறியாமலே அன்பைச் சம்பளமாக எண்ணி வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரோமர் 6:23-இல் பவுல் ‘சம்பளம்’ என்ற சொல்லைப் பாவத்துக்குக் கொடுத்துவிட்டு, தேவன் தருவதைச் சொல்லும்போது ‘கிருபைவரம்’ என்கிறார். 1 கொரிந்தியர் 13-இல் அன்பு ‘தீங்கு நினையாது’ என்று நாம் வாசிக்குமிடத்தில் உள்ள கிரேக்கச் சொல், கணக்குவழக்குகளில் வழங்கிய சொல். பிறர் செய்த தீமையை அன்பு பற்றெழுதி வைப்பதில்லை என்பது அதன் பொருள். (நம் மொழிபெயர்ப்பில் அந்தக் கணக்குப் புத்தகத்தின் வாசனை கொஞ்சம் போய்விட்டது.) உழைத்து வாங்கிய எதனோடும், உழைப்பு நின்றால் அதுவும் நின்றுவிடுமே என்ற பயம் ஒட்டிக்கொண்டே வரும். அம்மா போய்விட்டார், இனி யாருக்காகவும் இரவில் எழ வேண்டியதில்லை. அந்தப் பயம் இப்போது தலைதூக்கியதற்குத் தம்பியின் வரவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இங்கே கொஞ்சம் தம்பியின் பக்கமும் நிற்கிறேன். உங்கள் பெயரைச் சொல்லாதது அவருடைய பிழைதான். அதை அவரிடமே நேரில் சொல்லுங்கள். ஆனால் ஆயர் அவரை அணைத்தபோது உங்களிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த அந்த இரவுகளை அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தும்போது, அவற்றில் இருந்த அன்பை நீங்களே கடனாக மாற்றிவிடுகிறீர்கள். அது உங்கள் அம்மாவுக்கும் நியாயமல்ல. சபை உங்களைக் கவனிக்கத் தவறியது உண்மையான குறை, அதை மறுக்கவில்லை. எனினும் சபையின் மறதியைத் தேவனுடைய மறதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மன்னிப்புக்கு இப்போது அவசரமில்லை. ‘அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்’ என்று யோவான் எழுதினாரே, அந்த ‘முந்தி’, உங்கள் முதல் வகுப்புக்கும் முதல் உபவாசத்துக்கும் முந்தியது. ஒரு ஞாயிறு வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பொறுப்பும் இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மனம் எதற்குப் பதறுகிறது என்று பாருங்கள். அதற்கடுத்த வாரம் அந்தச் சிறுமியிடம், “நீ கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை” என்று ஆரம்பியுங்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம்.