மூன்று மாரி நனைந்த பெக்கோவின் எஞ்சின் சுற்றவில்லை: எஞ்சினையே மாற்ற வேண்டுமா?

யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கம் ஒரு வளவுக்குள் மூன்று மாரி நனைந்து நின்ற, மண் தோண்டும் பழைய பெக்கோவை வாங்கியதாகவும், திறப்பைத் திருகினால் "டக்" என்ற ஒரே சத்தத்தோடு எல்லாம் நின்றுவிடுவதாகவும், பார்த்தவர்கள் எஞ்சினை மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன், எஞ்சின் ஓடும்போது இறுகியதா, நின்ற இடத்தில் இறுகியதா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஓடும்போது சூடேறி இறுகியதென்றால், பிஸ்டன், சிலிண்டரின் உட்சுவரான லைனரோடு உரசிப் பிடித்திருக்கும் அல்லது ஒயில் வற்றிக் கிராங்க் பெயரிங் பிடித்திருக்கும். எதை ஊற்றினாலும் அது விடாது, கழற்றித்தான் ஆக வேண்டும். நம்மூரில் இதற்குக் கிணற்றுத் தண்ணீரும் ஒரு காரணம்: சுண்ணக்கல் நிலத்து நீரை ஆண்டுக்கணக்காக ரேடியேற்றரில் ஊற்றினால், கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைக் கல் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளிலும் படிந்து சூட்டை வெளியேறவிடாது. நின்ற இடத்தில் இறுகியதோ பெரும்பாலும் துருதான், அதைப் பொறுமையாக விடுவிக்கலாம்.

ஸ்ராட்டரை மேலும் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது காற்றைப்போல் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்தான் வளையும். அதே சமயம், அந்த "டக்" சத்தம் மட்டும் எஞ்சின் இறுகியதற்குச் சாட்சியாகாது. பலமிழந்த பற்றரியும் துருப்பிடித்த எர்த் வயரும் அதே சத்தத்தைத்தான் தரும். ஆகவே கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினின் முன்பக்கம் உள்ள கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பனரைப் போட்டு இரு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் ஸ்ராட்டரைக் கழற்றுங்கள், அதன் பல்லுச் சக்கரம் எஞ்சினின் பின்புறப் பெருஞ்சக்கரமான பிளைவீலின் பல்லில் சிக்கியிருப்பதும் உண்டு. ஹைட்ரோலிக் பம்ப் பிடித்திருந்தாலும் எஞ்சின் சுற்றாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதேபோல் நின்ற இடத்தில் இறுகிய என்னுடைய பெக்கோவில் இருந்தது நான்கு சிலிண்டர் பேர்கின்ஸ் 4.236. மேல்நோக்கி நின்ற சைலன்சர் குழாயின் வாயில் கவிழ்த்திருந்த சிரட்டையைக் காற்றுத் தட்டிவிட்டதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. கார்த்திகை மழை அந்த வழியே இறங்கி, திறந்து நின்ற வால்வைத் தாண்டி மூன்றாவது சிலிண்டரில் தேங்கிவிட்டது. ஒயில் தேங்கும் அடித்தொட்டியான சம்பின் அடிப் போல்ட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியபோது முதலில் ஒழுகியது ஒயிலல்ல, செம்மண் நிறத் தண்ணீர். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானதால் அடியில் நின்று முதலில் வரும், நீங்களும் ஒரு பேணியைப் பிடித்து இதைப் பாருங்கள்.

பிறகு டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி, உள்ளே நின்ற தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அசிற்றோனும் தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கான ஒயிலும் (ATF) சரிபாதி கலந்து துளைகள் வழியே ஊற்றினேன். முதல் நாள் நான் செய்த பிழை, போதாமல் ஊற்றியது. இந்த வகை எஞ்சினில் பிஸ்டனின் தலையில் ஒரு குழி இருக்கிறது. அது நிரம்பி வழிந்த பிறகே கலவை ஓரத்துக்குப் போய், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தொடும். அசிற்றோன் இலகுவில் தீப்பற்றும், பக்கத்தில் பீடிகூட வேண்டாம். வால்வுகளை அமுக்கும் ரொக்கர் தண்டையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள், வால்வு ஒன்று இறுகி நின்றால் தள்ளுகம்பி வளையும். ஸ்ராட்டர் இருந்த துளை வழியாகப் பிளைவீலின் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து, காலையும் மாலையும் முன்னும் பின்னுமாக அழுத்தினோம். புல்லி போல்ட்டில் முழுப் பலத்தையும் போட்டால் அது முறியும். ஒன்பதாம் நாள் ஒரு பல்லளவு நகர்ந்தது. அந்த நேரம் ஒரே மூச்சாகச் சுற்ற ஆசை வரும், ஆனால் நகர்ந்த அளவுக்குத் திரும்பிவந்து மீண்டும் ஊற்றுவதுதான் ரிங்கைக் காப்பாற்றும்.

சுற்றத் தொடங்கியதும் சம்பில் இறங்கிய கலவையை முழுதாக வடித்து, புது ஒயிலும் புது பில்டரும் போட்டு, இன்ஜெக்டர் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றி, ஒயில் அழுத்தமானியின் முள் எழும்வரை காத்திருங்கள். துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், எஞ்சிய கலவை பீச்சி அடிக்கும்.

முதல் ஸ்ராட்டில்தான் உண்மையான ஆபத்து. நீண்ட நாள் நின்ற டீசல் பம்பின் உள்வால்வு திறந்தபடி ஒட்டியிருந்தால், எஞ்சின் கட்டுக்கடங்காத வேகத்தில் பாயும், திறப்பை மூடினாலும் நிற்காமல் போகலாம். காற்று உறிஞ்சும் வாயை அடைக்க ஒரு தட்டைப் பலகையோடு ஒருவரை நிற்க வையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்க வேண்டாம். எங்களுக்கு அந்தப் பலகை தேவைப்படவில்லை. மூன்றாவது சிலிண்டரில் துரு தின்ற தழும்பு இன்னும் இருக்கிறது, நீலப் புகையும் கொஞ்சம் வருகிறது, ஒயிலை அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டியிருக்கிறது. லைனரை மாற்றும்வரை அப்படியே கிணற்று மண் அள்ளுகிறது.