லண்டனில் ரோமானியச் சுவரை அடையாளம் காண்பது எப்படி?

லண்டனின் ரோமானிய எச்சங்களை ஒரே நாளில் நடந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். டவர் ஹில் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய நகர மதிற்சுவரில் தொடங்குங்கள். சுவரின் உயரம் சுமார் 10 மீட்டர். ஆனால் அடியிலுள்ள 4 மீட்டர் சொச்சம்தான் கி.பி. 200 வாக்கில் ரோமானியர் கட்டியது. மேற்பகுதி இடைக்காலத்தில் ஏற்றியது. பலர் ஏமாறுவது இங்கேதான். சாம்பல் நிறக் கென்ட் கற்களுக்கு இடையே தட்டையான சிவப்பு ஓடுகள் வரிவரியாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். அதுதான் ரோமானியக் கட்டுமானத்தின் அடையாளம். இதே மதிலின் இன்னொரு பகுதி நிற்கும் செயின்ட் அல்ஃபேஜ் தோட்டத்தில், சுவரின் உச்சியில் தெரியும் செங்கல் வேலை 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதை ரோமானியம் என்று எண்ணிவிடாதீர்கள்.

பழைய நகர மன்றமான கில்ட்ஹாலின் முற்றத்தில் தரையைப் பார்த்தே நடங்கள். வளைந்து செல்லும் கருங்கல் கோடு, 1988இல் கண்டறியப்பட்ட ரோமானிய வட்டரங்கின் (பொதுக் காட்சிகள் நடந்த திறந்தவெளி அரங்கு) எல்லையைக் காட்டுகிறது. அதன் சுவர்கள் பக்கத்துக் கலைக்கூடத்தின் நிலவறையில் இருக்கின்றன.

ரோமானியர் வழிபட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயிலைக் கடைசிக்கு வையுங்கள். இடிபாடுகளும் மண்ணும் நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்து தெரு உயர்ந்துவிட்டதால், ஏறத்தாழ 7 மீட்டர் கீழே இறங்க வேண்டும். கட்டணம் இல்லை, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.