லாரியை விடப் பெரிய மாம்பழம்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பாள். கோடை விடுமுறையில், வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பும் ஒரு போட்டிக்கு, எங்கள் தெருமுனை மாம்பழ மண்டியை வரைந்தாள். பழம் லாரியை விடப் பெரிதாக இருந்ததால் அதை மட்டும் நான் அழித்துச் சின்னதாக்கி, கொஞ்சம் ஷேடிங் கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் பரிசு வந்தது. இப்போது முன்னைப் போல ஆர்வம் இல்லை, "நீ வரைஞ்சு குடும்மா, நான் கலர் அடிக்கிறேன்" என்கிறாள். ஆன்லைன் வகுப்பில் சேர்க்கலாமா, டேப்லெட் வாங்கலாமா? கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. நானும் பள்ளியில் நன்றாக வரைந்தவள்தான், கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுப்போச்சு.

பதில்: ஆர்வம் ஏன் போச்சு என்று கேட்கிறீர்கள், காரணத்தை ரெண்டு வரி மேலேயே நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் குழந்தை வரைந்த மாம்பழத்தை ரப்பர் வைத்து அழித்தது யாரும்மா? அழித்த இடத்தில் அம்மா வரைந்தாள், அம்மா வரைந்ததற்குப் பரிசு வந்தது, சர்டிபிகேட்டில் மட்டும் தன் பேர் இருக்கிறது என்பதை ஏழு வயசுப் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். அவள் கணக்கு ரொம்பச் சரி. நல்லா வரைகிறவள் அம்மா, அதனால் அம்மாவே வரையட்டும், நமக்குக் கலர் அடிக்கிற வேலை போதும். இதற்கு எந்த வகுப்பிலும் மருந்து கிடையாது.

முதலில் அந்தப் பழம் தப்பே இல்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஆறேழு வயசில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் வரைய மாட்டார்கள், மனசில் எது பெரிசோ அதைத்தான் பெரிசாக வரைவார்கள். பஸ்ஸுக்குப் பக்கவாட்டில் நான்கு சக்கரமும் தெரியும், வீட்டுச் சுவர் வழியாக உள்ளே பாட்டி படுத்திருப்பது தெரியும், எல்லா மனிதர்களும் தாளின் அடியில் ஒரே கோட்டின் மேல் நிற்பார்கள். உலகம் பூராவும் பிள்ளைகள் இப்படித்தான் வரைகிறார்கள், ஒன்பது பத்து வயசில் "நிஜம் மாதிரி இல்லையே" என்று அவர்களுக்கே உறுத்த ஆரம்பிக்கும், அப்போது ஷேடிங் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். அந்த உறுத்தலை நீங்கள் ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே கொண்டுவந்து திணித்துவிட்டீர்கள். மண்டித் தெருவில் வளர்கிற பிள்ளைக்குப் பெங்களூரா மாம்பழம் லாரியை விடப் பெரிசாக இல்லாமல் வேறெது பெரிசாக இருக்கும்?

பெரியவர்கள் அப்படி வரைய மாட்டார்கள் என்பீர்கள். ஒரு லீவு நாளில் பிள்ளையைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ கூட்டிப்போய் நடுகற்களைக் காட்டுங்கள். வீரன் கல்லை அடைத்துக்கொண்டு நிற்பான். அவன் உயிரைக் கொடுத்து மீட்ட மாடுகள் சில கற்களில் ஒரு மூலையில் ஆட்டுக்குட்டி அளவுக்குத்தான் இருக்கும். அவற்றில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கற்களும் உண்டு. செதுக்கியவனுக்கு மாட்டின் அளவு தெரியாமலா போயிருக்கும்? பர்கூர் பக்கம் மல்லபாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை மேல் சண்டை போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், ஏழெட்டுக் கோடுதான், குதிரை ஓடுகிறது. அதற்கு ஷேடிங் கொடுக்க யாரும் வரவில்லை.

இனி, உங்களுக்குக் கசக்கிற பேச்சு. அந்தப் போட்டியில் மூன்றாம் பரிசோ ஆறுதல் பரிசோ வாங்கிய ஒரு பிள்ளை இருக்குமே, அது கோணல்மாணலாகத் தானே வரைந்து அனுப்பியிருந்தால் உங்கள் வீட்டில் இருக்கிற பரிசு அதனுடையது. பெற்றவர்கள் செய்கிற இந்த வேலை ஏதோ பாசம் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள், பள்ளிக்கு மாடல் செய்துகொடுப்பதிலிருந்து பேச்சுப் போட்டி வரை இதே கதைதான், இந்தக் கடிதம் எனக்கு வருஷா வருஷம் வேறு வேறு ஊரிலிருந்து வருகிறது. எனக்கு இது பச்சைப் பொய். பிள்ளைக்குத் திறமை வளராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது, ஆனால் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்லிக்கொடுத்தால் அதை யார் திருத்துவது? சர்டிபிகேட் ஹாலில் தொங்கினால் இன்றைக்கே கழற்றுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, அந்தப் பழத்தை நான் அழித்திருக்கக் கூடாது, உன் பழம்தான் சரி என்று நேராகச் சொல்லுங்கள். பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொண்டால் அம்மாவுக்கு மரியாதை குறைந்துவிடாது. அவள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரிடமும் சொல்லுங்கள், வருகிறவர் போகிறவரிடம் அவர்தான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருப்பார்.

டேப்லெட் வேண்டாம். ஒரு பக்கம் அச்சடித்த ஏ4 தாள், மெழுகு கிரேயான், ரெண்டு மூன்று போஸ்டர் கலர், தடியான ஒரு பிரஷ், வாசலில் கோலமாவு, அடுப்புக்கரி போதும். கோட்டுக்குள் கலர் அடிக்கிற புத்தகம் வாங்காதீர்கள், ஏற்கெனவே அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வரைந்து முடித்ததும் "இது என்ன, நாயா?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், தாளுக்குப் பின்னால் தேதியும் அவள் சொன்னதையும் எழுதிவையுங்கள். ஆன்லைன் வகுப்புக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடியுங்கள். வெளியே அனுப்பியே ஆக வேண்டுமென்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஓவியமும் சொல்லித்தருகிறார்கள், உங்களுக்குப் பக்கத்தில் எங்கே நடக்கிறதென்று விசாரியுங்கள், நாலு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வரையட்டும்.

அப்புறம், உங்கள் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, அதைப் பார்க்கலாம். கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுப்போச்சு என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், விட்டுப்போன கைதான் பிள்ளையின் தாளில் நுழைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கென்று தனியாக ஒரு டிராயிங் நோட்டு வாங்குங்கள். ராத்திரி சோறாக்கி முடித்ததும் அரை மணி நேரம் ரெண்டு பேரும் ஒரே பாயில் உட்காருங்கள், அவள் தாள் அவளுக்கு, உங்கள் நோட்டு உங்களுக்கு. "நீ வரைஞ்சு குடும்மா" என்று அவள் இன்னும் கொஞ்ச நாள் கேட்பாள், "நான் என்னுதை வரைஞ்சிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வரைந்துகொண்டே இருங்கள். சலித்துப்போய் அவளே கிரேயானை எடுப்பாள், எடுத்தால் எட்டிப் பார்க்காதீர்கள்.

அடுத்த வருஷம் போட்டி என்று நோட்டீஸ் வந்தால் அவள் வரைந்ததை வரைந்தபடியே மடிக்காமல் உறையில் போட்டு அனுப்புங்கள். பரிசு வராவிட்டால் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு கரும்புச்சாறு வாங்கிக்கொடுங்கள், போதும்.